வளைவு இல்லாத மஞ்சள் கோடு

மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேராக ரயில் கிடையாது, மேடம். திருவள்ளூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் பிடித்து மறுபடி வடக்கே வர வேண்டும். இத்தனைக்கும் ஒரே மாவட்டம். வளைவுகள் மேல் எனக்கு வெறுப்பு வந்தது இந்தப் பயணத்தில்தான் என்று ஒரு பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் கோடு மட்டும் வரைகிறவன். உருவம், நிழல், வண்ணக்கலவை எதுவும் கிடையாது. இருபது வருடமாகக் கோடுதான். அப்பா ராமபத்ரன் தினமும் நெற்றியில் மூன்று கோடு இட்டுக்கொண்டு கோயில் வேலைக்குப் போகிறார். அவரை யாரும் விளக்கம் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் வெள்ளிவிழாவுக்கு ஒரு கலைப்படைப்பு வேண்டும் என்று என்னை அழைத்தவர் முதலாளியின் மருமகள் மிருதுளா. லண்டனில் படித்தவர். ஆலைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது தரையிலிருந்த மஞ்சள் கோடு. தொழிலாளர்கள் அதை ஒட்டித்தான் நடக்க வேண்டும். கேட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை நூற்றிருபது மீட்டர். கிரேன் கம்பிக் கட்டுகளை இறக்கும் இடத்தில் மட்டும் அது ஒதுங்கி, ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போனது. அத்தனை நல்ல கோட்டில் ஒரு பயந்த வளைவு. அதை அழித்துவிட்டு நேராகப் போடலாம் என்றேன்.

"இது கோடு இல்ல மாமா, ஒரு வினா" என்று மிருதுளா முதலாளிக்கு விளக்கினார்.

"வினாவுக்கு எத்தன லிட்டர் பெயிண்ட் ஆவும்?" என்றார் அவர். அத்துடன் ஒப்புதல் கிடைத்தது.

ஜெயராஜை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆலை தொடங்கிய நாளிலிருந்து உலையில் வேலை செய்தவர். நான் தரையில் குந்தி அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், கோடு போடறதுக்கு ரெண்டு ரயிலு மாறி வர்றியாமே? எங்க பெயிண்டர் அர நாள்ல போட்டுட்டு நாஷ்டா துன்னப் போயிடுவான்."

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"நெருப்பப் பாத்துப் பாத்து கண்ணு அவிஞ்சிபோச்சு சார். மஞ்சா மட்டும் கொஞ்சம் தெரியுது. அத்தப் புடிச்சிகினுதான் போய்க்கினு வந்துகினு இருக்கேன். ஆபீஸ்ல சொல்லிடாத. வூட்டுக்கு அனுப்சிடுவாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

மகள் ஜெபாவுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் ஆராதனை என்று அவர் நான்கு நாள் விடுப்பில் போனார். அந்த நான்கு நாளில்தான் வளைவை அழித்தோம். சூப்பர்வைசர் பீட்டர் எல்லாரையும் கூப்பிட்டு, விழா முடியும் வரை தூணுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போகச் சொன்னார். அதோடு கிரேன் இடத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு நைலான் கயிறும் கட்டினார்.

கயிறும் ஒரு கோடுதான், மேடம். ஒரு படைப்பில் சம்பந்தமில்லாத இரண்டாவது கோடு இருந்தால் முதல் கோடு செத்துவிடும். பீட்டரிடம் எத்தனை சொல்லியும் புரியவில்லை. கடைசியில் வீடியோ எடுக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் அவிழ்க்கச் சம்மதித்தார்.

"நான் கேட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன். இன்னிக்கி ஜெயராஜண்ணன் வேலைக்கு வர்றாரு, அவருக்கு விசயம் தெரியாது. வந்தா ஒரு கொரல் குடுங்க சார். கொரல் குட்த்தா நின்னுடுவாரு."

சரி என்றேன். கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் சாப்பாட்டு மணிக்கு வந்தார். கையில் தூக்கு, தலை குனிந்திருந்தது. கிரேன் மணி அடித்துக்கொண்டிருந்தது. அது நாள் முழுக்க அடிப்பது, யார் காதிலும் ஏறாது. முன்பு வளைவு இருந்த இடத்தில் அவர் கால் ஒரு கணம் தயங்கியது. பழக்கம் இடப்பக்கம் இழுத்திருக்கும். பிறகு தரையைப் பார்த்தார். மஞ்சள் நேராகப் போயிற்று. அவரும் நேராகப் போனார்.

என்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்று நேற்று உங்களிடம் அழுதேன். அது பொய்யல்ல. அந்த நிலையில் ஒரு கலைஞன் எத்தனை நிராதரவானவன் என்பதை உங்களுக்கு விளக்குவது கஷ்டம். இருபது வருடமாக என் கோடுகளுக்கு முன்னால் மக்கள் தலையைச் சாய்த்து நிற்பார்கள், மோவாயைத் தடவுவார்கள், காபி எங்கே என்று கேட்பார்கள். ஒருவர்கூடக் கோட்டைக் கடைசிவரை தொடர்ந்து வந்ததில்லை.

வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பதினொரு நொடி. கேமரா கொஞ்சமும் ஆடியிருக்காது. மேலிருந்து கட்டு இறங்குவது எனக்கு முதல் நொடியிலேயே தெரிந்தது. வாய் திறக்கத்தான் போனேன்.

கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார், மேடம். கோடு பாதியில் அறுந்திருக்கும்.