ரெண்டு பேருன்னு எழுதும்மா

இல்லம்மா, ஒண்ணு இல்ல. ரெண்டு. அத அழிச்சுட்டு ரெண்டுன்னு போடு. பென்சில்தானே, அழிக்கறதுல என்ன கஷ்டம்? மூணு தடவ வந்து கதவத் தட்டினியா? சமையக்கட்டுல ரேடியோ சத்தமா வெச்சிருந்திருப்பேன், காதுல விழுந்திருக்காது. உள்ள வந்து உக்காரு. ஐஸ் டீ ஊத்தறேன். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஜூலை மாசம் பிலடெல்பியாவுல வீடு வீடா நடக்கறதுன்னா சும்மாவா?

எம் பேரு தர்மன் காஸ்கின்ஸ். வயசு எழுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டினேன். ஆச்சா, அது மொத ஆளு. ரெண்டாவது எம் பையன் டெல்பர்ட், நாப்பத்தாறு வயசு.

என்ன அப்படிப் பாக்கற? பக்கத்து வீட்டு லூவெல்லா, கெழவன் தனியாத்தான் கெடக்கறான்னு சொன்னாளாக்கும். அவ சொல்றது பழைய கதைம்மா. பதினோரு வருஷம் அவன் இங்க இல்ல, நெசந்தான். ஃபீனிக்ஸ்ல இருந்தான். கூரை மேல ஏறி ஏசி மாட்டற வேலை.

ஊரப் பாரு, ஊர! பாதி மணலு, பாதி கள்ளிச்செடி. அத எல்லாம் வளைச்சு எல்லைக் கோடு போட்டுக்கிட்டு, நாங்கதான் பிலடெல்பியாவ விடப் பெரிசுன்னு பீத்திக்கறானுங்க. வருஷா வருஷம் எந்த ஊர்ல எத்தன பேருன்னு உத்தேசமா பேப்பர்ல போடுவான்ல, அன்னிக்கு டெல்பர்ட் போன் பண்ணுவான். ஒரு வருஷம், உங்கள முந்திட்டோம்ப்பான்னு அந்தப் பக்கத்தையே வெட்டி அனுப்பிட்டான். உங்க ஊர்ல ஆள விடப் பூட்டு ஜாஸ்திப்பா, அப்படிம்பான். உங்க ஊர்ல நிழலுக்கே வரிசையில நிக்கணுமேடான்னு நான் சொல்லுவேன். ஒரு மணி நேரம் சண்டை போடுவோம்.

மத்தபடி போனா? கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு வரும். அவ்வளவுதான். அவங்க அம்மா போனப்புறம் எங்களுக்குப் பேச வேற எதுவும் கெடைக்கலம்மா. அதனால அந்தக் கணக்கு வர நாளுக்கு வருஷம் பூரா காத்திருப்பேன். எங்க ஊரு தோத்தாலும் எனக்கு சந்தோஷந்தான், அவன் குரல் கேக்கும்ல.

பூட்டுன்னு அவன் சொன்னது தப்பும் இல்ல. வரும்போது பாத்திருப்ப. இந்த வரிசையில இருபத்திரெண்டு வீடு, ஒம்பது காலி, கதவு ஜன்னல்ல பலகை அடிச்சுக் கெடக்கு. தலை கொறைஞ்சா பஸ்ஸு கொறையும், பள்ளிக்கூடத்த மூடுவான். ஒரு ஆளு கூடினாலும் கூடினதுதானே.

அந்த விதி எனக்கும் தெரியும்மா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி எங்க குடியிருந்தாங்களோ அந்த ஊருக் கணக்கு. அதுலதான் நான் ஒரு கோணல் பண்ணிட்டேன். மார்ச் மாசம் நானாவே அவன போன்ல கூப்பிட்டேன். டேய், அங்க படிவத்த அனுப்பாத, உன்ன நான் இங்க எழுதிக்கறேன், ஃபீனிக்ஸுக்கு ஒண்ணு கொறையட்டும், நமக்கு ஒண்ணு ஏறட்டும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். சரிப்பா, என்னத் திருடிக்கன்னான். சொன்ன மாதிரியே அனுப்பல. அவன் இருந்த ரூம்ல இப்ப வேற யாரோ. உன்ன மாதிரி ஆளு வந்து கேட்டப்ப, புதுசா வந்தவங்க அவங்க பேர மட்டுந்தான் சொன்னாங்களாம். வீட்டுக்காரம்மாகிட்ட நானே போன் பண்ணிக் கேட்டுட்டேன்.

அப்ப நீயும் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போனா, எம் பையன் எந்த ஊர்லயும் இல்லன்னு ஆயிரும்ல?

என் படிவமா? அந்தா இருக்கு, அலமாரி மேல. நெரப்பித்தான் வெச்சிருக்கேன். உறையில போட்டா அது வெறும் எண்ணும்மா. அனுப்பாம இருந்தா ஆளு தேடி வரும்னு சொன்னாங்க. வந்தா உக்காந்து சொல்லலாமேன்னு வெச்சுட்டேன்.

ஆமா, இப்ப இங்கதான் இருக்கான். ஜூன் மாசம் வந்தான். அவனக் கூப்பிடணுமா? வேண்டாம்மா. கேக்கறத என்னக் கேளு, நான் சொல்றேன். பொறந்தது அறுபத்திமூணு, நவம்பர் எட்டு. எழுதிட்டியா? நல்லது.

இன்னும் ஒரு கேள்வியா? ரெண்டாவது ஆளு சில சமயம் வேற எங்கயாவது தங்கறது உண்டா... காலேஜு, பட்டாளம், ஜெயிலு, இதெல்லாமா போட்டிருக்கான்? ஒண்ணும் இல்லன்னு போடும்மா. அவன் எங்கயும் போறதில்ல. மே மாசக் கடைசியில, வெயில்ல வேல பாத்துக்கிட்டிருந்தவன் அந்தக் கூரை மேலயே சுருண்டு விழுந்துட்டான். அங்கயே எரிச்சு, சாம்பல ஒரு பெட்டியில வெச்சு எனக்குத் தபால்ல அனுப்பினாங்க. தபால்காரர் கையெழுத்துக் கேட்டாரு, போட்டு வாங்கிக்கிட்டேன். அன்னிலேர்ந்து என்கூடத்தான் இருக்கான்.