இழுகம்பியை வெட்டினார்கள்

ஓடுகிறேன். குனிந்துதான் ஓட முடிகிறது. திராட்சைப் பந்தல் என் கழுத்து உயரம். தலைக்கு மேல் கம்பியும் கொடியும். வானம் தெரியவில்லை. பின்னால் எண்ணெய் எரிகிற நாற்றம். மோட்டார் அறையில் கடப்பாரை இருக்கிறது. என் மனைவி தனலட்சுமி எடுத்துவரச் சொன்னாள்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே கால். வடக்கே எல்லையில் சண்டை நடந்த நாட்கள். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்தில் இரண்டு பேரும் குலை வெட்டிக்கொண்டிருந்தோம். கிழக்கே இரைச்சல் கேட்டது. பாதியாகக் குறைந்தது. இருமுகிற மாதிரி மூன்று சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை அதிர்ந்தது.

சிப்பாய்களை ஏற்றிப்போன ராணுவ விமானம். மதுரையில் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

பக்கத்துத் தென்னந்தோப்பில் விழுந்து எரிந்தது. ஒரு இறக்கை முறிந்து எங்கள் பந்தல்மேல் கிடந்தது. கல்தூண்கள் சாய்ந்தன. கம்பிகள் அறுபடவில்லை. அவைதான் இறக்கையைத் தாங்கின. அதற்கு அடியில் ஒரு சிப்பாய். அவர் காலின்மேல் தூண். தனலட்சுமி தவழ்ந்து உள்ளே போனாள்.

"ஏங்க, இங்கன ஒருத்தரு உசுரோட இருக்காக. கடப்பாரையக் கொண்டாங்க."

மோட்டார் அறை பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில். கல்லால் பூட்டை உடைத்தேன். வெகுநேரம் ஆனது.

திரும்பி வருகிறேன். மீட்புக்காரர்கள் வந்து யாரும் உள்ளே போகாதபடி கயிறு கட்டிவிட்டார்கள். சைரன் நிற்கவே இல்லை. அதற்கு நடுவில் அவள் குரல் எனக்குக் கேட்கிறது. சிப்பாயிடம் தமிழிலேயே பேசுகிறாள். "பொறுங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு வந்துருவாக."

பந்தல் மூலையில் ஒருவன் கட்டரோடு உட்காருகிறான். வண்டி உள்ளே போக இழுகம்பி தடையாம். பந்தல் போட்டவர்களுக்குத் தெரியும். மூலைக்கல்லில் இழுத்துக் கட்டிய அந்தக் கம்பியில்தான் பந்தல் நிற்கிறது. அதை வெட்டினால் மொத்தமும் படுத்துவிடும்.

அங்கே நின்ற அதிகாரியிடம், அடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கு வெளியாட்களிடம் குரல் எழும்பாது. அப்போதும் எழும்பவில்லை. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தள்ளிப் போய்யா. வேடிக்கை பாக்க வந்துட்டானுக."

டங். ஒரே சத்தம்.

"வெட்டாதீக!"

நான் கத்தியது அதற்குப் பிறகு.

மூன்றாம் நாள் என் மச்சான், அவளுடைய அண்ணன், ஊர் முன்னால் கேட்டார். "ஏன் மாப்ள, அங்கன வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" அதோடு என் வாசலை அவர் மிதிக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். ஆனால் கம்பியை வெட்டியவனை நான் மன்னிக்கவில்லை. வெட்டச் சொன்னவனையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

பிறகு இரண்டு அதிகாரிகள் ஒரு தாளோடு வந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். விமானம் விழுந்ததில் பன்னிரண்டு பேர் பலி, அதில் உள்ளூர்ப் பெண் ஒருவர் என்று இருந்தது. இழுகம்பி பற்றி ஒரு வரி இல்லை. அது எங்கே என்று கேட்டேன். போனைப் பார்த்தபடியே ஒருவர் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அது பொய்க் கையெழுத்து. இங்கே எழுதுவதுதான் உண்மை.

விமானம் விழுந்து செத்தவர்கள் பத்துப் பேர். இழுகம்பியை வெட்டியதால் செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்தச் சிப்பாய். அவர் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருத்தி தனலட்சுமி. வயது நாற்பத்தொன்று.