திருஷ்டிக்கு மாட்டிய முகமூடி

"அண்ணே, அந்த மூஞ்சிய எனக்குக் குடுத்துடுங்க."

அந்தமானில், போர்ட் பிளேரில், மெயின்லேண்டுக்குப் போகும் கப்பலின் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது இது காதில் விழுந்தது. கேட்டவர் எனக்கு முன்னால் நின்ற அரசாங்க கிளார்க். அவருக்கு முன்னால் நின்றவர் வீடு கட்டும் கான்ட்ராக்டர்.

"எந்த மூஞ்சி சார்?"

"நீங்க கட்டுற வீட்டு முன்னாடி தொங்குதே, அதான். பர்மா, பாலி, ஜப்பான் முகமூடியெல்லாம் எங்கிட்ட இருக்கு. இது இல்ல."

"அரே, அது திருஷ்டிக்கு மாட்டுனது. பூசணிக்காய்ல மூஞ்சி வரைஞ்சு கட்டினா இந்த மழைக்கு ஒரே வாரத்துல அழுகிடுது. கப்பல்காரன் ஒருத்தன் இத வித்தான். மரம், பக்கா."

"அதோட அருமை உங்களுக்குத் தெரியல. பிதுங்கின கண்ணு, நீட்டின பல்லு, தலைல பாம்பு. சிலோன் முகமூடி அது. பேய் ஓட்டுறப்ப போட்டுக்கிட்டு ஆடுவாங்க."

கான்ட்ராக்டர் முழுசாகத் திரும்பினார்.

"பேய் ஓட்டுறதா? நிச்சயமா?"

"புஸ்தகத்துலயே படம் இருக்கு."

"அச்சா! அப்ப அத எப்படி சார் கழட்டுவேன்?"

வரிசை ஓரடி நகர்ந்தது. கான்ட்ராக்டர் மறுபடி திரும்பினார்.

"சார், உங்க பர்மா மூஞ்சி என்ன ஓட்டும்? கொல்லைப்பக்கம் காலியாத்தான் கெடக்கு."