ஞாயிற்றுக்கிழமைத் தள்ளாட்டம்

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் குடிக்காமலே குடிச்ச மாதிரி நடிக்கிறாரு, செல்வி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஞாயித்துக்கெழமையானா பாருக்குப் போறேன்னு கெளம்புவாரு. ஒரு நாளு பின்னாலயே போனேன். பாரைத் தாண்டி சர்ச் ஹோலுக்குள்ள போறாரு. குடிய விடுறவங்க கூட்டமாம். எட்டிப் பாத்தா, எல்லாருக்கும் கதிரை எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு!”

“அத ஏன் மறைக்கணும்?”

“இதுக்கு முந்தி ஏழு தடவ விட்டாரு. ஏழு தடவையும் நான் லயத்து வீடுங்க பூரா சொல்லி, பொங்கல் வச்சேன். ஏழும் போச்சு. இந்தத் தடவ நிலைச்ச பொறகு சொல்லுவோம்னு இருக்காரு போல. அதான் தள்ளாடிக்கிட்டே வந்து வாசல்ல விழுறாரு. வாய மோந்து பாத்தா இஞ்சி போட்ட பிளேன்டீ வாசம்!”

செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “நீங்க என்ன செய்வீங்க?”

“வழக்கம்போல திட்டுவேன். திட்டலைன்னா சந்தேகம் வந்துருமில்ல?”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“விழுறதுல நெசமாவே அடிபட்டுறப் போவுதுக்கா.”

“இன்னைக்கு ஞாயிறாச்சே, காயப்போடுற சாக்குல வாசல்ல ரெண்டு பாய விரிச்சிட்டுத்தான் வந்தேன். குடிச்ச காலத்துல ஒரு தலகாணிகூட வச்சதில்ல.”