பழைய ஜெட்

உட்கார்ந்தே சொல்கிறேன் சார், எனக்கு முழங்கால் வலி. ஜீப்புக்கு அடியில் படுத்து எழுந்தே வந்தது.

சூரியநெல்லிக்கு மேலே எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். பெயர் சூசையப்பன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கார்புரேட்டர். கோயிலில் நான் பாட வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பெட்ரோல் கூடுதலா, காற்று கூடுதலா என்று சொல்லிவிடுவேன். "பேசாம அந்த ஜீப்புக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்பாள் என் மனைவி அன்னாள்.

பெட்ரோல் விலை எகிறியதும் சிக்கனமாக இருக்கும்படி மானேஜர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். எனக்கென்றே சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட். நடுவில் ஊசித்துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு. எஸ்டேட் ஜீப்பில் பழையதைக் கழற்றிவிட்டுத் துளை சிறியதாக ஒன்றைப் போட்டேன். செலவு குறைந்தது. மானேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். அந்தச் சட்டையைத் துவைக்க அன்னாளை விடவே இல்லை.

டிரைவர் வேதமுத்து மட்டும் முணுமுணுத்தான்.

"அண்ணே, சமதளத்துல நல்லாத்தான் ஓடுது. ஆள ஏத்திக்கிட்டு மேட்டுல போனா இருமுது. பழசையே போட்டுருங்க."

"ஒனக்கு கியர் போடத் தெரியல" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு, எனக்குத் தெரியாமல் அவன் மாட்டிவிடக் கூடாதென்று பழைய ஜெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னது சரிதான். அந்த இருமல் எனக்கும் கேட்டது. என் காது அப்படி.

போன செவ்வாய் காலையில் அவன் மனைவி புஷ்பமேரிக்குப் பிரசவ வலி. ரத்தம் நிற்கவில்லை, உடனே மூணாறுக்குக் கொண்டுபோங்கள் என்று எஸ்டேட் நர்ஸ் சொன்னாள். ஜீப்பின் பின்னால் மெத்தை விரித்துக் கிடத்தினார்கள். புஷ்பமேரியின் அம்மா மதலேனம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உதவிக்கு வருகிறேன் என்று நானும் முன் சீட்டில் ஏறினேன். உண்மையில், என் ஜெட் மூணாறு ரோட்டு மேட்டை ஏறுவதை வேதமுத்து பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டேன்.

ஏறவில்லை. பாதி மேட்டில் எஞ்சின் இருமி, படபடவென்று வெடித்து, நின்றுவிட்டது.

"அண்ணே, பழைய ஜெட்டு எங்க? இப்பவே மாட்டிருவோம்."

"வொர்க்‌ஷாப்புல இருக்கு" என்றேன்.

என் நெஞ்சின் மேல்தான் இருந்தது. மாட்டுவதற்கு ஒரு பீடி பிடிக்கும் நேரம் போதும். ஆனால் மாட்டினால் ஜீப் ஏறிவிடும். சிக்கலே அதுதான்.

பெட்ரோலில் தூசி என்றேன். குழாயைக் கழற்றி ஊதினேன். சுத்தமான குழாயை யாரும் அவ்வளவு அக்கறையாகச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். வேதமுத்து பொறுக்காமல் வேறு வண்டி தேடி மேலே ஓடினான். அப்போது என்னைப் பார்க்க யாரும் இல்லை. மாட்டியிருக்கலாம். பையிலிருந்து ஜெட்டை எடுத்துக்கூடப் பார்த்தேன்.

"எய்யா சூசையப்பா, இன்னும் எம்புட்டு நேரம்யா? புள்ள பேச மாட்டேங்குறா" என்றாள் மதலேனம்மாள்.

"இந்தா, ஆச்சும்மா" என்று சொல்லி, ஜெட்டைத் திரும்பப் பையில் போட்டேன்.

வேதமுத்து ஒரு லாரியோடு வந்தான். மூணாறு போய்ச் சேருமுன் தாயும் போய்விட்டாள், வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டது. டிரைவர் எஞ்சினைச் சூடாக்கிவிட்டான் என்று மானேஜரிடம் சொன்னேன். மனைவியைப் பறிகொடுத்தவனை யாரும் திட்ட மாட்டார்கள், ஆகவே அவனுக்கு இதில் நஷ்டமில்லை என்று எனக்குப் பட்டது.

அடக்கத்தின்போது குழியில் மண் போடக் குனிந்தேன். ஜெட் நழுவிக் கீழே விழுந்தது. வேதமுத்து அதை எடுத்து, துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். டிரைவர் அல்லவா. அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"இது ஒங்களுதுண்ணே" என்று என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டான்.

அடித்திருந்தால் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த இரண்டு பேரையும் கொன்றது நான்தான். ஜீப்பைச் சோதிக்க ஆள் அனுப்புவீர்கள். யாராக இருந்தாலும் கார்புரேட்டரில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வைத்தபடியே அது சரியாகத்தான் இருக்கிறது.