வண்டிக்குத் தெரிந்த சாவி

எலக்ட்ரீஷியன்: இன்னொரு தடவ கார் சாவியத் திருப்புங்க சார்.

கணவர்: திருப்பித் திருப்பி மணிக்கட்டே சுளுக்கிக்கிச்சு. பாரு… வந்துச்சு… போச்சு.

மனைவி: உங்க காலை நடைப்பயிற்சி மாதிரியே இருக்கு. தெருமுனை வரைக்கும் வேகம், அப்புறம் படுக்கை.

கணவர்: நீ உள்ள போ. வேலை நடக்கிற இடத்துல…

மனைவி: வேலை செய்யறது அவரு. நீங்க சாவியத் திருப்புறீங்க, நான் சும்மா நிக்கிறேன். நமக்குள்ள பெரிய வித்தியாசம் இல்ல.

எலக்ட்ரீஷியன்: சார், மீட்டர்ல மஞ்சளா ஒரு லைட்டு மின்னுதா? சின்னதா சாவி படம் போட்டிருக்கும்.

கணவர்: மின்னுது. என்னைப் பாத்துக் கண்ணடிக்குது.

எலக்ட்ரீஷியன்: அப்ப… இமொபிலைசர் சார்.

கணவர்: தமிழ்ல சொல்லுப்பா.

எலக்ட்ரீஷியன்: திருட்டுக்குக் காவல். சாவித் தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சிப்பு இருக்கும். சாவியப் போட்டதும் வண்டி அதுகிட்ட ‘நீ யாரு’ன்னு கேக்கும். சரியா பதில் வந்தாத்தான் என்ஜின் ஓடும். இல்லன்னா ஸ்டார்ட் ஆன மாதிரி ஆகி நின்னுடும்.

கணவர்: ஏழு வருஷமா கூடவே இருக்கிற சாவி. திடீர்னு ஒருநாள் ‘நீ யாரு’ன்னா என்ன அர்த்தம்?

மனைவி: வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான்.

கணவர்: தம்பி, அவ பேச்ச காதுல வாங்காத. என் அண்ணன் கிளம்பிட்டாரு. அவர் வந்து நிக்கும்போது வண்டி ஓடணும்.

எலக்ட்ரீஷியன்: எங்கயாவது வெளியூர் போறீங்களா சார்?

கணவர்: வண்டிதான் போகுது. அண்ணனுக்கே கொடுத்துட்டேன். மொத்தமா.

மனைவி: ‘கொடுத்துட்டேன்.’ எவ்வளவு சுலபமா வருது பாருங்க. எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். ‘வண்டி சும்மாதானே நிக்குது, நான் எடுத்துக்கட்டுமா’ன்னு அவர் கேட்டாரு. இவர் வாயில இருந்ததை முழுங்கக்கூட இல்ல, தலையாட்டிட்டாரு.

கணவர்: நான் கம்பெனி வேன்ல போறேன். உனக்கு ஓட்டத் தெரியாது. சும்மா நிக்கிறதைத்தானே சும்மா நிக்குதுன்னாரு.

மனைவி: உங்க அண்ணன் கேட்டா கிட்னியக்கூட கழட்டி கவர்ல போட்டுக் கொடுப்பீங்க. ரெண்டையும். அவர் ‘ஒண்ணு போதும்டா’ன்னாலும் விட மாட்டீங்க.

எலக்ட்ரீஷியன்: சார், சாவிக்கொத்துல வேற சாவி எல்லாம் இருக்கே, அதைக் கழட்டிட்டு இதை மட்டும் போட்டுப் பாருங்க. சில சமயம் பக்கத்துச் சாவி குறுக்க பேசும்.

கணவர்: பக்கத்துல இருக்கிறது குறுக்க பேசினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா… இந்தா, கழட்டியாச்சு. ம்ஹூம். அதேதான்.

எலக்ட்ரீஷியன்: ரெண்டாவது சாவி இருக்கா?

மனைவி: இருக்கே. ஒண்ணு இவர் பாக்கெட்டுல, இன்னொண்ணு பீரோவுல. பீரோ சாவியும் இவர் பாக்கெட்டுல. வங்கியில இவ்வளவு காவல் கிடையாது.

கணவர்: ஏன்னு கேளு தம்பி. ஒரு ஞாயித்துக்கிழமை இவளுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தேன்.

மனைவி: கேட்டுல லேசா தட்டிட்டேன்.

கணவர்: லேசாவா? கேட்டு கழண்டு எதிர்வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. அவங்க அதைப் புதுசா வந்த விருந்தாளின்னு நினைச்சாங்க.

மனைவி: அந்த ஞாயித்துக்கிழமை சாவிய வாங்கினவரு. இன்னும் தரல.

கணவர்: இருங்க, மாடியில போய் அதை எடுத்துட்டு வர்றேன். தம்பி, மேடம் ஏதாவது ஆலோசனை சொன்னா அதைச் செய்யாத. வண்டி பொழைக்கும்.

மனைவி: …போயிட்டாரா?

எலக்ட்ரீஷியன்: படி ஏறிட்டாரு.

மனைவி: நீங்க எதுக்குங்க வந்தீங்க?

எலக்ட்ரீஷியன்: போன்ல ஒரு ஆளு ‘வண்டி ஸ்டார்ட் ஆகல, வா’ன்னாரு. தெருப் பேரச் சொன்னாரு. வந்து கேட்டைப் பாத்ததும்தான் மேடம் எனக்கே தெரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை வந்த அதே வீடு.

மனைவி: நான் ஒரு சாவி செஞ்சு கொடுங்கன்னுதானே கேட்டேன். இவர் சாவி வேலை செய்யாம போகும்னு சொல்லவே இல்லையே.

எலக்ட்ரீஷியன்: நான் கேட்டேனே, ‘எத்தன சாவி இருக்கு’ன்னு. ‘ஒண்ணும் இல்ல’ன்னீங்க.

மனைவி: என்கிட்ட ஒண்ணும் இல்லதானே.

எலக்ட்ரீஷியன்: அதையே நான் வண்டிகிட்ட சொன்னேன். பழசெல்லாம் தொலைஞ்சுபோச்சு, எல்லாத்தையும் அழி, இது ஒண்ணுதான் புதுசுன்னு. தொலைஞ்ச சாவி எவன் கையிலயாவது கிடைச்சா ஆபத்து இல்லையா, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. இப்ப அந்த எவன் உங்க வீட்டுக்காரர்.

மனைவி: சரி, அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும். இன்னைக்கு மட்டும் இது ஓடக்கூடாது.

எலக்ட்ரீஷியன்: மேடம்…

மனைவி: எனக்கு வேலை கிடைச்சிருக்கு. புது ஆலை, ஊருக்கு வெளிய, ஆய்வுக்கூடத்துல. அங்க பஸ்ஸும் போகாது, வேனும் வராது. சொந்த வண்டி இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை சேரணும். இன்னைக்கு வண்டி போச்சுன்னா அந்த வேலையும் போச்சு.

எலக்ட்ரீஷியன்: உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சார்…

மனைவி: ‘காலையில கோலாட்டமா ஆடப் போறே’ன்னு இவர் கிண்டல் பண்ணுவாரே, நான் யோகாவுக்குப் போறேன்னு… யோகா எங்க போனேன். டிரைவிங் ஸ்கூலு. லைசென்ஸே வந்தாச்சு.

எலக்ட்ரீஷியன்: இதைச் சார்கிட்டயே சொல்லிடலாமே.

மனைவி: எதைச் சொல்றது? நான் வாயத் திறக்கிறதுக்குள்ள வண்டிய அண்ணனுக்குத் தாரை வார்த்துட்டாரு. அண்ணன் பேச்சுன்னா இவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. உங்களால ஆகாது, பெரிய கோளாறுன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

எலக்ட்ரீஷியன்: நான் பொய் சொன்னா எனக்குக் காது சிவக்கும் மேடம். என் வீட்டுல அதை வச்சேதான் கண்டுபிடிப்பாங்க.

மனைவி: தொப்பி போட்டுக்கங்க. வர்றாரு.

கணவர்: இந்தா ரெண்டாவது சாவி. பிறந்ததிலேருந்து வெயிலே படாதது… என்னப்பா, திடீர்னு தொப்பி?

எலக்ட்ரீஷியன்: வெயில் சார்.

கணவர்: நாம நிக்கிறது கார் ஷெட்டுக்குள்ள.

எலக்ட்ரீஷியன்: …அடிக்கப்போற வெயிலு சார்.

கணவர்: சரி, இதையும் போட்டுப் பாக்கறேன். ம்… வந்துச்சு… போச்சு. ரெண்டுமே வேலைக்கு ஆகல. ஒண்ணு கெட்டுப்போகும், சரி. ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகுமா?

மனைவி: அண்ணன் தம்பியா இருக்கும். ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் கேப்பாரு.

எலக்ட்ரீஷியன்: இது பெரிய கோளாறு மாதிரி தெரியுது சார். கம்பெனிக்குத்தான் கொண்டு போகணும்.

கணவர்: உன் பையில ஒரு ஸ்கேனர் இருக்கே. அதை மாட்டிப் பாக்காமயே கோளாறு பெரிசா சிறிசான்னு எப்படித் தெரிஞ்சுது?

எலக்ட்ரீஷியன்: அதுல சார்ஜ் இல்ல சார்.

கணவர்: சார்ஜர் தரட்டுமா?

எலக்ட்ரீஷியன்: …இருக்கு போல. கொஞ்சம்.

கணவர்: மாட்டு. இதுக்கு முன்னாடி இந்த வண்டியப் பாத்திருக்கியா நீ?

எலக்ட்ரீஷியன்: வெள்ளை வண்டி சார். தெருவுக்கு நாலு நிக்குது.

கணவர்: இல்ல, ஸ்கேனர் மாட்டுற துளை எங்க இருக்குன்னு தேடாமயே கை நேரா போகுதே, அதான் கேட்டேன்.

மனைவி: தொழில் தெரிஞ்ச கை. உங்களுக்குப் பழக்கம் இல்லாத விஷயம்.

கணவர்: என்ன சொல்லுது பொட்டி? சத்தமா படி, மேடமும் கேக்கட்டும்.

எலக்ட்ரீஷியன்: பதிவாகியிருக்கிற சாவி… ஒண்ணு.

கணவர்: என் கையில ரெண்டு இருக்கு. ரெண்டையும் வண்டிக்குத் தெரியல. ஆனா ஏதோ ஒரு சாவியத் தெரியுது. அது எங்க இருக்கு?

எலக்ட்ரீஷியன்: குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?

மனைவி: நான் போய் எடுத்துட்டு வர்றேன். எனக்கும் வேணும்.

கணவர்: என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல தாகம் வந்துடுச்சா? யாரோ உள்ள புகுந்து கள்ளச்சாவி செஞ்சிருக்கான். போலீஸுக்குச் சொல்லிட வேண்டியதுதான்.

எலக்ட்ரீஷியன்: போலீஸ் எல்லாம் எதுக்கு சார். பாவம், யாராவது பிழைப்புக்காக…

மனைவி: திருடனா இருந்தா வண்டிய ஏன் விட்டுட்டுப் போறான்?

கணவர்: ஓட்டத் தெரியாத திருடனா இருக்கும். சாவி இருந்தா போதுமா? ரிவர்ஸ் எடுக்கணும், வளைக்கணும், கேட்டை ஒழுங்கா தாண்டணும். பயந்திருப்பான்.

மனைவி: ஏன், தாண்ட முடியாதா?

கணவர்: எல்லாராலயும் முடியுமா? சில பேருக்கு அது கடைசி வரைக்கும் வராது. சாவிய ஆசைக்கு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

எலக்ட்ரீஷியன்: சார், போன் அடிக்குது.

கணவர்: அண்ணன். என் கையெல்லாம் கிரீஸு. நீ எடுத்துப் பேசு.

மனைவி: உங்க அண்ணன். நீங்களே பேசுங்க.

கணவர்: உன்னைப் பெருசா என்ன பேசச் சொன்னேன்? ‘சரி மாமா, வாங்க மாமா, எடுத்துக்கங்க மாமா.’ மூணே வார்த்தை. ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டிய பத்தி அதுக்கு மேல பேச என்ன இருக்கு?

மனைவி: …ஓஹோ. கொடுங்க இப்படி.

எலக்ட்ரீஷியன்: மேடம், நான் வேணா அப்படி வெளிய…

மனைவி: நில்லுங்க. ஹலோ… நான்தான் மாமா… ம்… ம்… பக்கத்துலதான் இருக்காரு. கையில கிரீஸாம்… இல்ல மாமா, நீங்க வர வேண்டாம்… ஏன்னா வண்டி கிடைக்காது… ரிப்பேர் எல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லா ஓடும். எனக்கு வேணும், அதனால… ஆமா, எனக்கு… ஓட்டுவேன். லைசென்ஸ் இருக்கு… இல்ல, அவருக்குத் தெரியாது, இப்பதான் தெரியுது, வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாரு… அவர் கொடுத்தது சரிதான் மாமா. ஆனா வண்டி என் பேர்ல இருக்கு. எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் பேர்ல இருக்கிறதை எது வேணா கேளுங்க, கட்டாயம் கொடுப்பாரு… கோபமெல்லாம் இல்ல. ஒருநாள் வீட்டுக்கு வாங்க, நானே கொண்டுவந்து விடறேன்… சரி மாமா. வைக்கிறேன்.

கணவர்: லைசென்ஸா?

மனைவி: இதோ. சாவி இதோ. திருடனும் இதோ, நானேதான். திங்கக்கிழமை வேலையில சேரப்போறேன். அந்த ஆலைக்குப் போற வழிய ஒரு தடவ தனியா ஓட்டிப் பாக்கணும்னு இருந்தேன், இப்பவே போறேன்.

கணவர்: யாரு உனக்குச் சாவி செஞ்சு கொடுத்தது?

மனைவி: அது எதுக்கு உங்களுக்கு? நல்ல மனுஷன், தன் வேலையப் பாத்தாரு. நகருங்க, கண்ணாடியில நீங்கதான் தெரியறீங்க. ரோடு தெரியணும்.

எலக்ட்ரீஷியன்: மேடம், ஸ்கேனர கழட்டிக்கிறேன்… ஆங், ஆச்சு.

கணவர்: எடுத்ததும் ஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு… மெதுவா… ஏய், கேட்டு. இடது பக்கம் பாரு, கேட்டு…

எலக்ட்ரீஷியன்: தாண்டிட்டாங்க சார். ஒரு கோடுகூட விழல.

கணவர்: இண்டிகேட்டர்கூட போட்டா. நான் போட்டதே இல்ல.

எலக்ட்ரீஷியன்: சார்… ஒண்ணு சொல்லணும். மனசு உறுத்துது. அந்தச் சாவிய…

கணவர்: நீதான் செஞ்ச. தெரியும்.

எலக்ட்ரீஷியன்: காது சிவந்துச்சா சார்?

கணவர்: காதுக்கு வேலையே இல்லையே. வேலை முடிச்சதும் டிரைவர் கதவோரத்துல கடை ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போயிருக்க. பேரு, நம்பரு, கீழ ‘மீண்டும் வருக’. வியாழக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு கதவத் திறந்து குனிஞ்சேன், மூக்குக்கு நேரா இருக்கு. என்னை விட்டா இந்த வீட்டுல உன்னைக் கூப்பிட அவ ஒருத்திதானே. காலையில எந்த நம்பர பாத்து உன்னைக் கூப்பிட்டேன்னு நினைச்ச?

எலக்ட்ரீஷியன்: பழக்கதோஷம் சார். கை தானா ஒட்டிடுது… அப்ப, எல்லாம் தெரிஞ்சேதான் என்னை இவ்வளவு நேரம் வேர்க்க விட்டீங்களா? உங்க கையிலயும் கிரீஸே இல்ல, நான் அப்பவே பாத்தேன். எதுக்கு சார் இந்தக் கூத்து? மேடத்தையே கேட்டிருக்கலாமே.

கணவர்: கேட்டிருந்தா சாவியத் தூக்கி என் மேல எறிஞ்சிட்டுப் போயிருப்பா. வண்டி அண்ணன் வீட்டுல நின்னிருக்கும்.

எலக்ட்ரீஷியன்: அண்ணன்கிட்ட நீங்களே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.

கணவர்: அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சவருய்யா. அவர் முன்னாடி என் தலை மேலயும் கீழயும்தான் ஆடும், பக்கவாட்டுல ஆடாது. அவளுக்கு ஆடும், ஆனா அதுக்கு அவளை நல்லாக் கிளறி விடணும். அவ தானா எதிர்த்து நின்னதாவே நினைச்சுக்கட்டும். அண்ணனுக்குப் பயந்து அவ முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன்னு தெரிஞ்சா, இந்த ரெண்டு சாவிய வண்டி இனிமே அடையாளம் கண்டுக்கவே விட மாட்டா. அதனால நீ என்ன பண்ற, சாயங்காலம் அவ குளிக்கிற நேரமா பாத்து வந்து, சத்தம் போடாம அந்த ஸ்டிக்கர சுரண்டிட்டுப் போ.