எனக்கு எதிராக வாக்குப் போட்ட இராசதுரை

மேடையில் இருக்கும் செயலாளர் இரத்தினவேல் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் இராசதுரையின் துணைவியார் தங்கச்சி அருள்ராணி அவர்களே, இந்த நோர்வேப் பனிக்குள்ளும் புருசெத் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த உறவுகளே, வணக்கம்.

உங்கள் சங்கத் தலைவர் சபாரத்தினமாகிய நான் களைத்துப்போன மனிதன். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு இரங்கல் உரை சொல்லிவிட்டேன்! என்னைவிட இளையவரான கலாநிதி இராசதுரைக்கும் சொல்ல வேண்டி வந்துவிட்டது. போன கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

மேடைக்கு ஏறும்போது இரத்தினவேல் காதில் சொன்னார்: "துக்க நேரத்தில போட்டி வேண்டாம், அண்ணை. மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழும்புவினம்தானே? அதையே சம்மதமா எடுத்து, நீங்களே தலைவரா இருக்கிறதெண்டு தீர்மானம் போடுவம்." அன்பில்தான் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

கலாநிதி இராசதுரை யார்? யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, நோர்வே பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் சீனச் சிந்தனை படிப்பித்தவர். "உனக்கென்ன விசரே?" என்று சொந்தக்காரரே கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்தார். கன்பூசியஸின் சிந்தனையும் இன்றைய ஜனநாயகமும் ஒத்துப்போகுமா? பெரியவருக்குப் பணிவு, தகப்பனுக்கு மரியாதை என்று படிப்பித்தவரை வைத்துக்கொண்டு வாக்குப்பெட்டி வைப்பது எப்படி?

எங்கள் கலாசாரத்துக்குத் தேர்தல் சரிவராது என்று ஆசியாவில் ஆள்பவர்கள் யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தகப்பன் பிழை விட்டால் எடுத்துச் சொல்லுறதும் பிள்ளையின்ர கடமை. அரசன் பிழை விட்டால் மந்திரி சொல்ல வேணும். இதையும்தானே படிப்பிச்சவர்? பாதியை மட்டும் ஏன் எடுக்கிறியள்?" என்பார். ஆனால் கன்பூசியஸ் தேர்தல் கேட்டவர் என்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "அவர் மந்திரியோட நிண்டிட்டார், அண்ணை. சனத்துக்கும் அந்தக் கடமை இருக்கெண்டு நாங்கள்தான் சேர்க்க வேணும்."

எங்கள் சங்கத்தில் தேர்தல் எப்படி நடக்கும்? உங்களுக்குத் தெரியாததா? ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னமே தொலைபேசியில் எல்லாம் முடிந்துவிடும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம். பெரியவருக்கு எதிராக யார் கை உயர்த்துவது?

இராசதுரை விடவில்லை. ஒரு வருடம், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்று பெட்டியையும் கொண்டுவந்தார். நானும் ஆனந்தராஜாவும் போட்டி. நடந்தது என்ன? ஒவ்வொருவராக என்னிடம் வந்து, மடித்த சீட்டை விரித்துக் காட்டி, "அண்ணை, உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டார்கள். காட்டாமல் போட்டால் மரியாதைக் குறைவாம்.

இராசதுரை சிரித்தார். பிறகு பெட்டியைக் கவிட்டு, சீட்டெல்லாவற்றையும் கிழித்தார். "திருப்பித் தொடங்குவம். அண்ணை, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. இவ்வளவு மரியாதையான சனத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை அதுதான்."

சப்பாத்துகள் கழற்றி வைக்கும் நடையில் போய் நின்றேன். கோபம்தான். வென்றேன், ஆனால் எதிராகவும் வாக்குகள் விழுந்தன. அன்று என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவர் யார்? இராசதுரைதான். வழியில் சொன்னார்: "எதிர் வாக்கில ஒண்டு என்ர, அண்ணை. நீங்கள் களைச்சுப்போனியள்."

என்னிடம் வேறு யாரும் அப்படிக் கதைத்ததில்லை. நீங்கள் எல்லோரும் என்னை மதித்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். மரியாதையும் எதிர்ப்பும் ஒரே மனிதனிடம் இருக்க முடியும் என்று அவர் எழுதிய கட்டுரைகள் எனக்கு முழுக்க விளங்கவில்லை. அந்தக் கார்ப் பயணம் விளங்கியது.

ஆகவே, இரத்தினவேல், மௌன அஞ்சலி இராசதுரைக்கு மட்டும். ஆண்டுக் கூட்டத்தில் பெட்டி இருக்கும், போட்டியிடுபவர்கள் நடையில் நிற்பார்கள். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தீர்மானத்தையும் நான் ஒளிக்கப் போவதில்லை. இப்போதே கேட்கிறேன். வாக்கெடுப்பு இல்லாமல் சபாரத்தினமே தலைவராகத் தொடர்வதை எதிர்ப்பவர்கள் கை உயர்த்துங்கோ.

ஒருத்தரும் இல்லையோ? என்னைப் பாக்காதையுங்கோ, நான் கோவிக்க மாட்டன்.

தங்கச்சி அருள்ராணி, உங்கட கையைக் கண்டிட்டன். நன்றி.

இரண்டாவது கை என்ர.